கரண்ட் பில் கட்டியும் 'பாக்கி' காட்டுதா? பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது, ஃபியூஸைப் பிடுங்காமல் தடுப்பது எப்படி? முழு விவரம்

பில் கட்டியாச்சு. 'உங்கள் கணக்கிலிருந்து ரூ.1,840 எடுக்கப்பட்டது' என்று பேங்க் மெசேஜும் வந்தாச்சு. ஆனால் மின்வாரிய இணையதளத்தைத் திறந்து பார்த்தால் அதே ரூ.1,840 பாக்கியாகவே நிற்கிறது. ரசீது எடுக்கப் போனால் ரசீது இல்லை. கடைசி தேதிக்கு இன்னும் 2 நாள்தான் இருக்கு. திரும்பக் கட்டுவதா, காத்திருப்பதா?

தமிழ்நாட்டில் ஆன்லைனில் கரண்ட் பில் கட்டுகிறவர்களில் பலர் ஒருமுறையாவது இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், சில்லறை தேட வேண்டாம் என்பதற்காக வந்த வசதி இது. சரியாக ஓடும்போது அரை நிமிஷ வேலை. கோளாறு ஆகிவிட்டால் மட்டும், 'பேங்கைக் கேளுங்க' என்று ஈபி ஆபீஸும், 'ஈபியைக் கேளுங்க' என்று பேங்கும் கைகாட்ட, நடுவில் நுகர்வோர் அலைய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் பிரிக்கப்பட்டு டான்ஜெட்கோ ஆனது. 2024-ல் அதுவும் பிரிக்கப்பட்டு, இப்போது வீடுகளுக்கு மின்சாரம் வழங்கி பில் போடுவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எத்தனை முறை மாறினாலும் ஜனங்களுக்கு அது ஈபிதான். இந்த ஆன்லைன் கணக்கில் எங்கெல்லாம் சிக்கல் வருகிறது, அப்போது சட்டம் நமக்கு என்ன பாதுகாப்பு தருகிறது என்று பார்ப்போம்.

பணம் எங்கேதான் போகிறது?

செல்போனில் 'பே' பட்டனை அழுத்தியதும் பணம் நேராக ஈபி கணக்கில் போய் விழுவதில்லை. ஜிபே, ஃபோன்பே போன்ற செயலியில் கட்டினால், முதலில் உங்கள் வங்கி பணத்தை எடுக்கிறது. அங்கிருந்து யுபிஐ வழியாகவும், பாரத் பில் பேமென்ட் சிஸ்டம் என்ற தேசிய அமைப்பு வழியாகவும் தகவல் மின் கழகத்தின் சர்வருக்குப் போக வேண்டும். கடைசியாக உங்கள் இணைப்பு எண்ணுக்கு நேராக 'வரவு' என்று பதிவாக வேண்டும். ஈபி இணையதளத்திலேயே கட்டினால் நடுவில் ஒரு பேமென்ட் கேட்வே நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பணம் போவது ஒரு வேலை, 'பணம் வந்துவிட்டது' என்ற தகவல் போவது இன்னொரு வேலை. பெரும்பாலான கோளாறு இரண்டாவதில்தான் வருகிறது. பேங்க் பணத்தை எடுத்துவிட்டது. ஆனால் அந்தத் தகவல் ஈபி சர்வருக்குப் போகும்போது நெட் துண்டித்துவிட்டது, அல்லது சர்வர் அந்த நொடியில் பதில் சொல்லவில்லை, அல்லது நீங்கள் அவசரத்தில் பேக் பட்டனை அழுத்திவிட்டீர்கள். ஈபி பக்கத்தில் அது முடியாத பரிவர்த்தனை. உங்கள் பக்கத்தில் பணம் போயே போச்சு.

இப்படித் தொங்கி நிற்கும் பணத்தைக் கண்டுபிடிக்கத்தான் வங்கியும் மின் கழகமும் தங்கள் கணக்குகளை ஒத்துப் பார்க்கின்றன. அதில் பொருத்தம் கிடைத்தால் ஓரிரு நாளில் பாக்கி தானாகவே மறையும். கிடைக்காவிட்டால் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பும்.

இதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐ மூலம் ஒரு நிறுவனத்துக்குக் கட்டிய பணம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, அந்த நிறுவனத்துக்கு உறுதித் தகவல் போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு. ஆன்லைனில் கார்டு மூலம் கட்டி இதே மாதிரி ஆனாலும் அதே 5 நாள் கணக்குதான். நுகர்வோர் கேட்காமலேயே இந்த ரூ.100 தரப்பட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதால், விதி இருப்பது தெரிந்திருப்பது நல்லது.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் தீர்வு இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448.

திரும்பக் கட்டலாமா, காத்திருக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். பதில், கடைசி தேதிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அதற்குள் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம். இணைப்பைத் துண்டித்தால் மறு இணைப்புக் கட்டணம். 'எனக்கு நோட்டீஸே வரலையே' என்று பிறகு வாதாடிப் பயனில்லை. சட்டப்படி தர வேண்டிய 15 நாள் அவகாசமும் அந்த 20 நாளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வீட்டில் தொங்கும் வெள்ளை அட்டையில் எழுதப்படும் பதிவுதான் நோட்டீஸ்.

ஆகவே, இன்னும் ஒரு வாரம் 10 நாள் இருக்கிறது என்றால் பேசாமல் 2, 3 நாள் பொறுத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அவசரப்பட்டு இன்னொரு தடவை கட்டி, அதுவும் நடுவில் மாட்டிக்கொண்டால் இரட்டைத் தலைவலி.

கடைசி தேதி நாளைக்கே என்றால் கதை வேறு. முதல் வேலை, பேங்க் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட்டையும் பரிவர்த்தனை எண்ணையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி பிரிவு அலுவலகத்துக்குப் போவது. பணம் எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் காட்டி எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே சரியான பதில் இல்லை, கையிலும் பணம் இருக்கிறது என்றால், கவுன்ட்டரிலேயே இன்னொரு தடவை கட்டிவிடுவது பரவாயில்லை. முதலில் கட்டியது பின்னால் வந்து சேர்ந்தாலும் அது அடுத்த பில்லில் கழிக்கப்படும். கோபத்தில் கட்டாமல் இருந்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால், பிறகு எது நியாயம் என்று பேசிக்கொண்டே இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

மாதக் கடைசியில் ரூ.2,000-ஐ இரண்டாவது தடவை எடுத்து வைப்பது எல்லா வீட்டிலும் முடியாது. அவர்களுக்காகத்தான் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பில் தொகையே தப்பாக இருந்தால்?

பணம் சேராதது ஒரு வகைப் பிரச்னை. ஆன்லைனில் காட்டும் தொகையே தலைசுற்ற வைப்பது இன்னொரு வகை. 'போன தடவை ஆயிரத்து எழுநூறு, இந்தத் தடவை ரெண்டாயிரத்து இருநூறா? ஏசி கூட புதுசா வாங்கலையே!' என்று கேட்பவர்கள், முதலில் பார்க்க வேண்டியது யூனிட்டை அல்ல, ரீடிங் எடுத்த தேதியை.

காரணம் ஸ்லாப் முறை. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் ரூ.1,805.

500-ஐத் தாண்டியதும் கணக்கே மாறிவிடுகிறது. 101 முதல் 200 வரைக்கான ரூ.2.35 சலுகை காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70 ஆகிவிடும். 501-வது யூனிட்டிலிருந்து ரூ.8.40. அதாவது 510 யூனிட் ஓடினால் பில் ரூ.2,124. கூடுதலாக ஓடியது 10 யூனிட். கூடுதலாகக் கட்டுவது ரூ.319. இதில் ரூ.84 தான் அந்த 10 யூனிட்டின் விலை. மீதி ரூ.235, கோட்டைத் தாண்டியதற்கான தண்டம் மாதிரி.

இப்போது தேதிக்கு வருவோம். ஒரு வீட்டில் நாளைக்கு 8 யூனிட் ஓடுகிறது. சரியாக 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், பில் ரூ.1,679. ஊழியர் பற்றாக்குறையோ, தொடர் விடுமுறையோ, ரீடிங் 5 நாள் தள்ளிப் போனால் 520 யூனிட். நாள் கணக்கைப் பார்க்காமல் அப்படியே ஸ்லாப் போட்டால் பில் ரூ.2,208. அதே வீடு, அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜ். 5 நாளுக்கு ரூ.529.

அடுத்த சுற்றில் 55 நாளில் ரீடிங் எடுத்தால் குறையத்தானே செய்யும் என்று சொல்வார்கள். குறையும்தான். ஆனால் 440 யூனிட்டுக்குக் குறைவது, 520-க்கு ஏறியதை ஈடு கட்டாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 440 யூனிட்டுக்கு ரூ.1,427. இரண்டு சுற்றும் 480 ஆக இருந்திருந்தால் மொத்தம் ரூ.3,358, இப்போது ரூ.3,635. ஆகவே ஆன்லைன் கணக்கில் முந்தைய ரீடிங் தேதியையும் இப்போதைய தேதியையும் எழுதிவைத்து, இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். புகார் கொடுக்கும்போது 'பில் அதிகமா வருது' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதைவிட, '65 நாளுக்கு ரீடிங் எடுத்திருக்கிறீர்கள்' என்று சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மாதந்தோறும் ரீடிங் எடுக்கும் முறை வந்தால் இந்தத் தலைவலி குறையும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று. அதை ஸ்மார்ட் மீட்டர் வரவோடு இணைத்துவிட்டதால் தள்ளிக்கொண்டே போனது.

'வீடு பூட்டியிருந்தது' என்று பில் வந்தால்?

ரீடிங் எடுக்க கணக்கீட்டாளர் வரும்போது வீடு பூட்டியிருந்தால், முந்தைய பில் தொகையையே இந்த முறைக்கும் போட்டுவிடுவது வழக்கம். பிறகு உண்மையான ரீடிங் எடுத்ததும் கூட்டிக் கழிப்பார்கள். ஊருக்குப் போய் 2 மாதம் வீட்டில் ஆளே இல்லாதவர்களுக்கும் முழு பில் வருவது இதனால்தான்.

இந்தக் கூட்டல் கழித்தல் எவ்வளவு சிக்கலானது என்பதை 2020-ல் தமிழ்நாடே பார்த்தது. கொரோனா ஊரடங்கில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்க முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். ஜூனில் ரீடிங் எடுத்தபோது, 4 மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு 2 மாதத்துக்கும் 100 யூனிட் இலவசம் கொடுத்துக் கணக்கிட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். கட்டிய ரூபாயைக் கழிக்கிறீர்களே, அந்த ரூபாய்க்கு உண்டான யூனிட்டைக் கழித்திருந்தால் நாங்கள் குறைந்த ஸ்லாபில் வந்திருப்போமே என்பது நுகர்வோரின் வாதம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2020 ஜூலையில் தள்ளுபடியானது.

அதே ஆண்டு டிசம்பர் 31-ல் மத்திய அரசு மின்சார நுகர்வோர் உரிமைகள் விதிகளைக் கொண்டுவந்தது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. ஒரு நிதியாண்டில் 2 முறைக்கு மேல் இப்படித் தோராயமாக பில் போடக் கூடாது. அசாதாரண சூழ்நிலை எதுவும் இல்லாமல் 2 பில் சுற்றுக்கு மேல் தோராய பில்லே தொடர்ந்தால், உண்மையான ரீடிங்படி பில் போடும் வரை நுகர்வோர் பணம் கட்ட மறுக்கலாம். 2024 பிப்ரவரியில் இந்த விதிகளில் வந்த திருத்தம் இன்னும் பயனுள்ளது: 'மீட்டர் ஓவரா ஓடுது' என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் பக்கத்திலேயே ஒரு சோதனை மீட்டர் பொருத்தி, குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வீடு பூட்டியிருக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், கிளம்பும் நாளில் மீட்டரை போட்டோ எடுத்து வைப்பது நல்லது. மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

பாக்கியே இல்லாதவருக்குத் திடீர் பாக்கி

ஒழுங்காக பில் கட்டுகிறவர்களின் ஆன்லைன் கணக்கிலும் திடீரென்று ஒரு கூடுதல் தொகை முளைக்கும். விளக்கம் எதுவும் இருக்காது, அல்லது நாலு ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும். பெரும்பாலும் அது கூடுதல் வைப்புத்தொகை. புது இணைப்பு வாங்கும்போது கட்டிய டெபாசிட், இப்போதைய சராசரிப் பயன்பாட்டுக்குப் போதுமானதா என்று அவ்வப்போது ஒத்துப் பார்க்கிறார்கள். பயன்பாடு ஏறியிருந்தால் டெபாசிட்டும் ஏறும். இது உங்கள் பணம்தான். இதற்கு வட்டியும் உண்டு, அது கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று, பழைய தணிக்கை பாக்கி. '3 வருஷத்துக்கு முன்னால் உங்களுக்குக் குறைவாக பில் போட்டுவிட்டோம்' என்று ஒரு தொகை வந்து நிற்கும். மின்சாரச் சட்டம் 2003-ன் 56(2) பிரிவு, 2 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பாக்கியை, அது தொடர்ந்து பில்லில் காட்டப்பட்டு வந்திருந்தால் தவிர, வசூலிக்க முடியாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ராஜஸ்தான் மின் நிறுவனம் ஒன்று தொடர்பான வழக்கில் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. தவறு பின்னால் தெரியவந்தால் கூடுதல் தொகை கேட்டு பில் அனுப்பலாம். ஆனால் அந்தக் கெடு தாண்டிய தொகைக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் நடவடிக்கையில் இறங்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

கணக்குக்குள்ளேயே நுழைய முடியாதவர்கள்

பில்லும் சரி, பணமும் இருக்கிறது, ஆனால் கணக்குக்குள் போகவே முடியவில்லை என்பவர்களும் உண்டு. இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில், பதிவான செல்போன் எண் 5 வருஷம் முன்பு காலி செய்துகொண்டு போன வாடகைக்காரருடையது. ரீடிங் எடுத்ததும் வரும் எஸ்.எம்.எஸ் யாரோ ஒருவருக்குப் போகும். ஓடிபியும் அவருக்கே போகும்.

2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணுடன் ஆதாரை இணைக்கச் சொன்னபோது இந்தச் சிக்கல் மொத்தமாக வெடித்தது. ஆதாரை இணைக்காமல் ஆன்லைனில் பணமே கட்ட முடியவில்லை என்று ஜனங்கள் கொந்தளித்தார்கள். ஆதார் படத்தைப் பதிவேற்றப் போனால் அளவு 300 கேபிக்கு மேல் போகக் கூடாது என்று தளம் திருப்பி அனுப்பியது. செல்போன் கேமராவில் எடுத்த படம் எதுவும் அவ்வளவு சின்னதாக இருக்காது என்பதை யார் யோசித்தார்களோ தெரியாது. பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம் போட்டார்கள். கடைசி நாளைத் திரும்பத் திரும்ப நீட்டித்து, 2023 பிப்ரவரி 28 வரை கொண்டுபோனார்கள்.

செல்போன் எண் மாறியிருந்தால், பில் பிரச்னை எதுவும் இல்லாதபோதே பிரிவு அலுவலகத்தில் மாற்றி வைப்பது நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இணைப்பு எண் தெரிந்தால் லாகின் இல்லாமலேயே தொகையைப் பார்த்துக் கட்டலாம். மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்று வரிசையாக வரும் அந்த எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் பணம் பக்கத்துத் தெருக்காரர் கணக்கில் போய்விடும் என்பதால், கட்டுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தக் குழப்பத்தில்தான் மோசடிக்காரன் நுழைகிறான்

'போன மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணில் மின்வாரிய அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்.' 2022 வாக்கில் நாடு முழுக்க சுற்றிய மெசேஜ் இது. இன்றும் வேறு வேறு உருவில் வந்துகொண்டிருக்கிறது.

வேறு எந்த மோசடி மெசேஜையும்விட இதை ஜனங்கள் நம்பக் காரணம், இது சொல்வது உண்மையில் நடக்கும் விஷயம். பில் கட்டியும் அப்டேட் ஆகாமல் இருப்பது எல்லோரும் பார்த்ததுதானே! அந்த எண்ணுக்குப் போன் செய்தால், மரியாதையாகப் பேசி, 'ஒண்ணும் இல்ல சார், ஒரு ஆப் மட்டும் போடுங்க, 10 ரூபாய் கட்டினா அப்டேட் ஆயிடும்' என்பார்கள். அந்த ஆப், எனிடெஸ்க், டீம்வியூவர் போல உங்கள் செல்போன் திரையை இன்னொருவர் பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலி. 10 ரூபாய் கட்ட நீங்கள் அடிக்கும் பின் நம்பரை எதிர்முனையில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த சில நிமிஷத்தில் கணக்கு காலி.

ஈபியிலிருந்து யாரும் செல்போன் நம்பர் கொடுத்து 'போன் பண்ணு' என்று மெசேஜ் அனுப்புவதில்லை. இரவு ஒன்பதரை மணிக்கு ஃபியூஸைப் பிடுங்க யாரும் ஏணியோடு கிளம்பி வருவதும் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் 'ஈபி பில் அப்டேட்' ஃபைலைத் தொடவே கூடாது. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி, முதலில் வரும் எண்ணுக்கு அழைப்பதும் ஆபத்துதான். மின் கழகத்தின் அதிகாரப்பூர்வ சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987. 2021 ஜூனில் தொடங்கப்பட்ட இந்த மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

சர்ச்சை தீரும் வரை கரண்ட் இருக்குமா?

இருக்கும், அதற்கு வழி இருக்கிறது. தப்பாக பில் போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள்; கட்டினால்தான் ஆச்சு என்று அவர்கள் சொல்கிறார்கள். இந்த நிலைமைக்கென்றே மின்சாரச் சட்டத்தின் 56(1) பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அவர்கள் கேட்கும் முழுத் தொகை, அல்லது முந்தைய 6 மாத சராசரிப்படி வரும் தொகை, இதில் எது குறைவோ அதை 'ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துக் கட்டினால் போதும். சர்ச்சை தீரும் வரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

வழக்கமாக ரூ.1,500 பில் வரும் வீட்டுக்கு மீட்டர் கோளாறால் ரூ.40,000 என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ரூ.40,000-த்தைப் புரட்ட நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. சராசரித் தொகையைக் கட்டிவிட்டுப் போராடலாம். ஆனால் ஆன்லைனில் இதைச் செய்ய முடியாது. அங்கே தொகை என்ன காட்டுகிறதோ, அதைக் கட்டுவதற்குத்தான் பட்டன் இருக்கிறது. பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கடிதத்தோடுதான் கட்ட வேண்டும். கடிதத்தில் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டால் கவுன்ட்டரில் வரும் பதிலே மாறும்.

பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுத்த மனுவுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றால், அடுத்த படி மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் இது இயங்குகிறது. நுகர்வோரே நேரில் போய்ப் பேசலாம். மின் கழகத்தின் அதிகாரியே தலைவராக இருக்கும் மன்றத்தில் என்ன நியாயம் கிடைக்கும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சந்தேகம் புரிகிறது. ஆனால் இங்கே உத்தரவு வாங்கினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். அந்த அடுத்த கட்டம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நியமிக்கும் மின் குறைதீர்ப்பாளர். அவர் மின் கழகத்தின் கீழ் வருபவர் அல்ல.

இந்த எல்லா இடத்திலும் கேட்கப்போவது ஆதாரம்தான். ஆன்லைன் கணக்கில் நேற்று காட்டிய தொகை இன்று மாறியிருக்கலாம், ரசீது பக்கம் திறக்காமல் போகலாம். பிரச்னை தெரிந்த அன்றே தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பேங்க் பரிவர்த்தனை எண், மின்னகத்தில் தரும் புகார் எண், அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிய மனு நகல், இவை எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். கூடவே அந்த வெள்ளை அட்டையும். எல்லாம் செல்போனுக்குள் போன பிறகு பல வீடுகளில் அதை ரீடிங் எழுதாமல் சும்மா தொங்க விட்டிருக்கிறார்கள். கணக்கீட்டாளர் வரும்போது தேதியையும் ரீடிங்கையும் அதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சர்வர் படுத்தாலும் அந்த அட்டை படுக்காது.